தொப்புள்கொடியும் ஜாமீன் கையெழுத்தும்

சென்ற மாதம் மதுரையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்த கவிதை வாசிப்பில் ஒருவர் ஈழத்தைப் பற்றிய தம் நீண்ட கவிதையைப் படித்தார். கவிதையில் தாய் இருந்தாள், அறுபட்ட தொப்புள்கொடி இருந்தது, பாக் ஜலசந்தியில் ரத்தம் இருந்தது. முடித்ததும் கைதட்டினார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தக் கவிதையில் தாய் யார், பிள்ளை யார்? கேள்வி குதர்க்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பாங்க் குமாஸ்தா கவிதையையும் கடன் பத்திரம் மாதிரித்தான் வாசிப்பான் என்று பிறகு டீக்கடையில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். கூடவே நண்பர்கள்மீது ஒரு குற்றச்சாட்டையும் வைக்கிறேன். அவர்கள் பத்திரத்தைக் கவிதை மாதிரிக்கூட வாசிப்பதில்லை. வாசிப்பதே இல்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தை முழுக்கப் படித்தவர் அந்த அறையில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் கைதட்டிய கைகளில் எத்தனை உயர்ந்திருக்கும்? சில பக்கங்கள் மட்டுமே கொண்ட ஒரு பிரதி அது. அதை ஆதரித்தும் எதிர்த்தும் நம் மொழியில் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் அறை கொள்ளாது. சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையில் வரி வரியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் விமர்சனத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தார். புதுக்கவிதைக்குக் காட்டிய அந்தக் கவனத்தில் ஒரு பங்கை, லட்சக்கணக்கான தமிழ் பேசும் மக்களின் தலையெழுத்தைச் சொன்ன பிரதிக்கு நாம் காட்டவில்லை. அரசியல் இலக்கியத்துக்குப் புறம்பானது என்று சொல்லி ஒதுங்கியவர்களும் காட்டவில்லை. அரசியலே இலக்கியம் என்றவர்களும் காட்டவில்லை.

எனவே பிரதிக்கு வருகிறேன். ஒப்பந்தத்தின் 2.14ஆம் பிரிவு ஒரே வாக்கியம். தீர்மானங்களுக்கு இந்திய அரசு பொறுப்பேற்று உத்தரவாதம் தரும், அவற்றை நிறைவேற்றுவதில் ஒத்துழைக்கும் என்பது அதன் சாரம். நல்லெண்ணத் தூதர், நடுவர், பக்கத்து வீட்டுக்காரர் என்ற பெயர்களில் அதுவரை இயங்கிவந்த இந்தியா இந்த ஒரு வாக்கியத்தில் வேறொன்றாக மாறுகிறது. ஜாமீன்தாரர் ஆகிறது. சமாதானத்துக்கு அண்டைநாடு தரும் ராஜதந்திர ஆதரவு என்று பத்திரிகைகள் எழுதின. ஆதரவு தோளில் கை போடுவது மாதிரி. கையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உத்தரவாதம் அப்படியல்ல.

நாள்தோறும் நான் பார்க்கிற காரியம் இது என்பதால் சொல்கிறேன். ஒருவர் கடன் வாங்குகிறார், இன்னொருவர் ஜாமீன் போடுகிறார். ஜாமீன் போடுகிறவர் அநேகமாக மாமனாக, மச்சானாக, ஊர்க்காரராகத்தான் இருப்பார். பாசத்தினால் வந்தவர்தான். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு பாசத்தைப் பற்றிக் கேட்பவர் யாருமில்லை. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன்காரருடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு ஜாமீன்தாரருடைய பொறுப்பும். மனசு வருத்தமாக இருக்கிறது என்று அவர் கவிதை எழுதினால் பாக்கி தீராது. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். சட்டத்தைப் பொருத்திப் பார்க்க நான் வரவில்லை. உத்தரவாதம் என்ற சொல்லின் அர்த்தத்தைத்தான் பொருத்திப் பார்க்கிறேன். அர்த்தம் விமர்சகனின் எல்லைக்குள் வருவது.

இந்தப் பத்திரத்தில் கடன்காரர் இலங்கை அரசு. வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பிரதேசங்கள் என்று ஏற்கிறது. இரு மாகாணங்களையும் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இணைக்கவும், இணைப்பு தொடரலாமா என்பதைக் கிழக்கில் 1988 டிசம்பர் 31க்குள் வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்கவும், மாகாண சபைகள் அமைக்கவும் வாக்களிக்கிறது. இந்தக் கடன் யாருக்குச் சேரவேண்டியது? வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களுக்கு. அவர்கள் சார்பில் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் இல்லை. கடன்காரரும் ஜாமீன்தாரருமே உட்கார்ந்து எழுதிக்கொண்ட பத்திரம் இது. கடன் பெறவேண்டியவர்களுக்கு அது படித்துக் காட்டப்பட்டது. பிரபாகரன் தில்லிக்கு அழைத்துவரப்பட்டு அசோகா ஓட்டலில் வைக்கப்பட்டது பேச்சுவார்த்தை என்றால், எங்கள் மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்படுகிறவர்களும் பேச்சுவார்த்தைதான் நடத்துகிறார்கள்.

இது முதல் தடவையுமல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் மலையகத்தின் 9,75,000 பேரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தாய்நாடு என்ற சொல் அப்போதும் தாராளமாகவே புழங்கியது.

1987க்குத் திரும்புகிறேன். ஒப்பந்தத்தோடு அதே நாளில் இரு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் ராணுவ உபயோகத்துக்கும் விடுவதில்லை. திருகோணமலையின் எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்படுத்தி நடத்துவது. அந்நிய வானொலி நிலையங்களுடனான ஏற்பாடுகளை மறுபரிசீலனை செய்வது. வெளிநாட்டு ராணுவ, உளவு ஆட்களைப் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வருவது. ஒரு நாடு தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கடன்காரரிடமிருந்து தனியாக ஒரு வரும்படியைப் பெற்றுக்கொண்டு ஜாமீன் போடுகிறவரை எந்த ஊரிலும் நம்பமாட்டார்கள். 2022 ஜனவரியில் அந்த எண்ணெய்க் குதங்கள் 99க்கும் கணக்குத் தீர்ந்தது. 14 இந்தியக் கம்பெனிக்கு, 24 இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பெனிக்கு. முப்பத்தைந்து வருஷம் கழித்தும் கடிதத்தை யாரும் மறக்கவில்லை. ஒப்பந்தம் சொன்ன வாக்கெடுப்போ 1988இலும் நடக்கவில்லை, அதற்குப் பிறகும் நடக்கவில்லை. இணைப்பு முறை தவறிச் செய்யப்பட்டது என்று 2006 அக்டோபர் 16இல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, இரு மாகாணங்களும் பிரிந்தன. வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு பல வருஷங்கள் தேர்தலின்றி ஆளுநரின் கையில் கழிந்தன. ஜாமீன்தாரர் சம்மதமில்லாமல் ஷரத்தை மாற்றினால் அவருடைய பொறுப்பு விடுபடும் என்று அதே சட்டத்தின் 133ஆம் பிரிவு சொல்கிறது. என் பொறுப்பு தீர்ந்தது என்றாவது இந்தியா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 13ஆவது திருத்தத்தை முழுமையாக அமல்படுத்தவேண்டும் என்று பல சந்திப்புகளில் கேட்டுக்கொண்டது. ஜாமீன்தாரர் கடன்காரரை விசாரித்துவிட்டுப் போகிறார்.

இடையில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். 2.16ஆம் பிரிவில் இன்னொரு ஷரத்து இருக்கிறது. இலங்கை அரசு கேட்டால் இந்தியா ராணுவ உதவி தரும். அமைதிப்படை என்ற பெயரில் போனவர்கள் 1987 அக்டோபர் 10 முதல் போர்ப்படையானார்கள். ஜாமீன் போட்டவரே அமீனாவாக ஜப்திக்கு வந்த காட்சி அது, அதுவும் கடன் பெறவேண்டியவர் வீட்டுக்கு. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் கொல்லப்பட்டார்கள். தீபாவளி நாட்கள் அவை. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். எதற்காகச் செத்தோம் என்று அவர்களுக்கும் சொல்லப்படவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது.

இந்த இடத்தில் நம் கவிதையின் பங்கு வருகிறது. 1987 ஜூன் 3இல் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் படகுகள் போய்த் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த நடவடிக்கைக்குப் 'பூமாலை' என்று பெயர். அக்டோபர் யுத்தத்துக்குப் 'பவன்', அதாவது காற்று. ராணுவத்துக்குக்கூட உருவகம் தேவைப்படுகிறது. நாம் தேவைக்கு மேலேயே சப்ளை செய்தோம். தொப்புள்கொடி உறவு, தாய்த் தமிழகம், சேய்த் தீவு. இந்த உருவகம் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பார்க்கவேண்டும். தாய்க்குப் பிள்ளையிடம் பொறுப்பு உண்டு, ஆனால் கணக்கு இல்லை. தாயை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. தாய் அடித்தாலும் அது வளர்ப்பு, கைவிட்டாலும் அது விதி. பிள்ளைக்குச் சொந்தமாக வாய் கிடையாது. தாய் பேசுவதே பிள்ளையின் பேச்சு. ஒரு ஜாமீன்தாரருக்கு இதைவிடச் சௌகரியமான உருவகம் உலகத்தில் இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது தில்லி. அந்தக் கையெழுத்தின்மேல் தொப்புள்கொடியைப் போட்டு மறைத்தது நாம்.

உருவகத்தின் இன்னொரு வேலை, யார் உறவு என்று தீர்மானிப்பது. ஒப்பந்தத்தின் 1.4ஆம் பிரிவில் 'தமிழ் பேசும் மக்கள்' என்று இருக்கிறது. அந்தச் சொற்றொடருக்குள் கிழக்கின் முஸ்லிம்களும் கேட்காமல் சேர்க்கப்பட்டார்கள். நம் கவிதையில் அந்த அளவுக்குக்கூட அவர்களுக்கு இடமில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டபோதும், அந்த அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுக்க விரட்டப்பட்டபோதும் தொப்புள்கொடி துடிக்கவில்லை. கடன் பெறவேண்டியவர்கள் என்ற நாற்காலியில் தாங்கள் மட்டுமே உட்காருவோம் என்று மற்றவர்களைச் சுட்டு அப்புறப்படுத்தியவர்களைப் பற்றியும் நம் தாய் உருவகம் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குள் சண்டை என்றால் தாய் கண்ணை மூடிக்கொள்வாள் போலிருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு தேதியை ஞாபகப்படுத்துகிறேன். 1986 மே 4. அன்று நம் ஊரில் டெசோ மாநாடு நடந்தது. கருணாநிதி கூட்டிய அந்த மாநாட்டுக்கு வாஜ்பாயும் என். டி. ராமராவும் வந்தார்கள். ஈழத்துச் சகோதரர்களுக்காக மதுரை திரண்டது. அந்த நாட்களிலேயே யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தைத் தெருத் தெருவாக அழித்துக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் இந்தியத் தூதுக்குழு இலங்கை அரசோடு பேசிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தின் 2.15ஆம் பிரிவைப் பாருங்கள்: 4.5.1986 முதல் 19.12.1986 வரை பேசி முடித்த யோசனைகளை ஏற்பது நிபந்தனை என்று அதே தேதியில் தொடங்குகிறது. மேடையில் உறவு, மேஜையில் ஷரத்து, தெருவில் சகோதர ரத்தம். மூன்றும் ஒரே வாரத்தில். மேடையைப் பற்றி நம்மிடம் எழுத்து இருக்கிறது. மற்ற இரண்டைப் பற்றி?

மொழியைப் பற்றிப் பேசாமல் ஒரு இலக்கியப் பத்திரிகையில் இதை முடிக்க முடியாது. ஒப்பந்தத்தின் 2.18ஆம் பிரிவு: இலங்கையின் ஆட்சிமொழி சிங்களம். அங்கே முற்றுப்புள்ளி. அடுத்த வாக்கியம்: தமிழும் ஆங்கிலமும்கூட ஆட்சிமொழிகளாக இருக்கும். 1987 நவம்பரில் வந்த 13ஆவது திருத்தம் அந்தக் 'கூட'வை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழும் ஒரு ஆட்சிமொழி என்று எழுதியது. ஒரு உம்மை. எச்ச உம்மை என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து மூன்று தலைமுறை அடிபட்டதற்குக் கிடைத்தது அந்த உம்மை. அதை அற்பம் என்று நான் சொல்லவில்லை. 'மட்டும்' இருந்த இடத்தில் 'உம்' வந்தது பெரிய காரியம்தான். ஆனால் உம்மையில் வந்தவர் விருந்தாளி. விருந்தாளிக்கு இலை போடுவார்கள், சாவிக்கொத்தைக் கொடுக்கமாட்டார்கள். மொழியை மூச்சு என்று பாடுகிற நம் கவிகளில் இந்த உம்மையைக் கவனித்து ஒரு வரி எழுதியவரை நான் வாசித்ததில்லை.

எதிர்வாதம் தெரியும். வேறென்ன செய்திருக்க முடியும், பக்கத்து நாடு என்றால் தன் லாபத்தைத்தான் பார்க்கும், ராஜதந்திரம் அப்படித்தான் என்பார்கள். அப்படித்தான் என்ற சொல் சோம்பேறித்தனம். 1998 ஏப்ரல் 10இல் வட அயர்லாந்துக்கு ஒரு சமாதான ஒப்பந்தம் வந்தது. அங்கேயும் ஒரு அண்டைநாடு உண்டு, அயர்லாந்துக் குடியரசு. அங்கேயும் ரத்த உறவு, தாய்நாடு, பாட்டு எல்லாம் நம்மைவிட ஒரு பங்கு கூடுதலாகவே இருந்தது. அந்த அண்டைநாடு என்ன செய்தது? தீவு முழுவதும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய தன் அரசியல் சட்டத்தின் 2, 3 ஷரத்துகளை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. மே 22 அன்று எல்லையின் இரு பக்கத்திலும் ஜனங்களிடம் ஓட்டு கேட்டார்கள். வடக்கில் 71 சதவீதம், குடியரசில் 94 சதவீதம் சரி என்றார்கள். அண்டைநாடு கொடுத்த ஆதரவு, தன் கையிலிருந்த ஒன்றை விட்டுக்கொடுத்தது. கடன் பெறவேண்டியவர்கள் தாங்களே கையெழுத்துப் போட்டார்கள், வாக்குச்சீட்டில். அங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் கதை விடவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறது. ஒரு அண்டைநாடு கொடுத்துச் சமாதானத்தை ஆதரித்தது. இன்னொன்று வாங்கிக்கொண்டு ஆதரித்தது.

கணக்குக் கேட்பது கவிஞனின் வேலையா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு விரிவுரையாளராக இருந்த ரஜனி திராணகம, சகாக்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதினார். அட்டையில் ஒரு உருவகம் இருக்கிறது. உள்ளே தேதி, தெரு, நடந்த விதம். இந்தியப் படை செய்தது, இலங்கைப் படை செய்தது, இயக்கங்கள் செய்தது எல்லாம் ஒரே பேரேட்டில். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கண்ணீர்க் கவிதை எழுதியதற்காக யாரும் அவரைச் சுடவில்லை. கணக்கு எழுதுவது எவ்வளவு அபாயகரமான எழுத்து என்பதற்கு இதற்குமேல் நான் வாதம் செய்யத் தேவையில்லை. அந்த அபாயம் எதுவும் இல்லாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாம் கண்ணீரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். மேலூரிலிருந்து சில மைல் தூரத்தில் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. பெயரை மாற்றுவதில் நமக்கு ஈடு இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை பட்டியலில் இல்லை. ஒப்பந்தத்தில் அகதிகளைத் திருப்பி அனுப்புவதற்கு ஷரத்து உண்டு, வைத்துக்கொள்வதற்கு இல்லை. முகாமிலிருந்து ஒரு பெரியவர் தம் மகனின் படிப்புக் கடன் விஷயமாக எங்கள் கவுண்டருக்கு வந்தார். மகன் இங்கே பிறந்தவன், மதுரைத் தமிழ் பேசுகிறவன். பிரஜை இல்லை. விதியைச் சொன்னேன், ஜாமீன் போட உள்ளூரில் யாராவது இருந்தால் பார்க்கலாம் என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "பிணை எண்டு சொல்லுறியள் என்ன தம்பி? எங்களுக்குப் பிணை நிண்ட ஆக்களைத்தான் உங்களுக்கே தெரியுமே" என்றார். கோபமில்லை. பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நாம் ஜாமீன் என்பதை அவர்கள் பிணை என்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல். பிணைப்பு என்றால் உறவு. பிணை என்றால் அந்த உறவுக்காக நான் கட்டுப்படுகிறேன், தவறினால் என்னைப் பிடித்துக்கொள் என்பது. இரண்டும் ஒரே வேரில் இருக்கின்றன. நமக்கு எங்கேயோ முதல் அர்த்தம் மட்டும் தங்கி இரண்டாவது கழன்றுபோய்விட்டது. கழன்ற இடத்தில் தொப்புள்கொடியைக் கட்டிவைத்திருக்கிறோம்.

வாதவூரரின் கதை எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போனது. பிறகு நரிகள் பரிகளாக வந்து நின்றன, ராத்திரியில் மறுபடி நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. இதில் பரியையும் நரியையும் பற்றித்தான் எல்லோரும் பாடியிருக்கிறார்கள். யாரை நரி என்பது என்ற ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, மறுநாள் காலை பாண்டியன் கணக்குக் கேட்டான் என்பது. மந்திரி பெரிய பக்தர், பெரிய கவி. இருந்தும் கேட்டான்.

1987 ஜூலை 29க்குப் பிறகு நமக்கு எத்தனையோ காலைகள் விடிந்துவிட்டன. அடுத்த வாசிப்புக் கூட்டத்துக்கு அந்த ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்துவருகிறேன். கவிதைகளுக்கு முன்னால் அதை உரக்கப் படிக்க நண்பர்கள் சம்மதிக்கவேண்டும்.